பேய்க்கதையும் விலாசமும்

பேய்க்கதை என்பது தனியாட்களின் இலக்கியம் என்றொரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. ராத்திரி, பூட்டிய அறை, எழுதுகிறவன் தனியாள், வாசிக்கிறவனும் தனியாள். ஆனால் இந்த வகையின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் விஷயம் வேறு மாதிரி இருக்கிறது. 1818இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஒரு கடிதத்தில்தான் தொடங்குகிறது. வட துருவம் நோக்கிப் போகிற வால்டன் என்பவன் ஊரிலிருக்கும் தன் சகோதரிக்கு எழுதுகிற கடிதம் அது. 1897இல் வந்த பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' கடிதங்கள், டைரிக் குறிப்புகள், தந்திகள், பத்திரிகைத் துண்டுகள் இவற்றாலேயே கட்டப்பட்ட நாவல். பயத்தை இன்னொருவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்கிற அவசரம் இந்த வகைக்குள்ளேயே இருந்திருக்கிறது. 1922இல் மிலேனாவுக்கு எழுதும்போது காஃப்கா, கடிதம் எழுதுவதே ஆவிகளோடு பழகுகிற காரியந்தான் என்கிற மாதிரி அலுத்துக்கொள்கிறார். காஃப்காவுக்கு அது சாபம். வேறு சிலருக்கு அதுவே வாழ்வாக இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு வாழ்வைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது. ஹெச்.பி. லவ்கிராஃப்ட் (1890–1937), அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரத்துக்காரர். இன்று உலகம் முழுக்க திகில் எழுத்துக்கு மூலவர் போல வைத்துக் கும்பிடப்படுகிறவர். செஞ்சியில் உட்கார்ந்துகொண்டு இவரைப் பற்றி எழுதுவானேன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. 1906இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த சொ. விருத்தாசலம் என்கிற சிறுவன், தாசில்தாரான தகப்பனாரின் உத்தியோக மாற்றல்களோடு சேர்ந்து அலைந்தபோது, ஆரம்பப் படிப்பின் ஒரு பகுதியை இந்த ஊரில்தான் படித்தான். பிறகு திண்டிவனம், கள்ளக்குறிச்சி. 1918இல் குடும்பம் திருநெல்வேலிக்குத் திரும்பிவிட்டது. பின்னாளில் புதுமைப்பித்தனாகி 'காஞ்சனை' எழுதினான். ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனைத் தழுவி 'பிரேத மனிதன்' என்று தமிழில் தந்ததும் அதே கைதான். ராஜகிரிக் கோட்டையையும் பாழடைந்த களஞ்சியங்களையும் பார்த்து வளர்ந்ததால்தான் பேய்க்கதை எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அது சுற்றுலாத் துறை பண்ண வேண்டிய வேலை. லவ்கிராஃப்ட்டை வாசிக்கையில் எனக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்படுகிறது. அந்த ஆள் எங்கள் ஊரில் சிலேட்டு பிடித்தவர் என்பது ஒரு சௌகரியம்.

லவ்கிராஃப்ட் எழுத்துக்குள் நுழைந்ததே ஒரு வாசகர் கடிதத்தின் வழியாகத்தான். 1913இல் 'ஆர்கஸி' என்கிற கதைப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த சில காதல் கதைகளைக் கிண்டலடித்து ஆசிரியருக்கு எழுதினார். மற்ற வாசகர்கள் அவரைப் போட்டுத் தாக்கினார்கள், இவர் செய்யுளிலேயே திருப்பித் தாக்கினார். இந்தக் குஸ்தியைக் கவனித்துக்கொண்டிருந்தவர்கள் மூலமாக 1914இல் அமெச்சூர் பத்திரிகைக்காரர்களின் சங்கம் ஒன்றில் சேர்ந்தார். சொந்தக் கைக்காசில் அச்சடித்து, சந்தா என்றில்லாமல் ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்கிற சின்னப் பத்திரிகைகளின் உலகம் அது. நமக்கு ரொம்பப் பழக்கமான உலகம், இல்லையா? பத்திருபது வயசில் பள்ளிப் படிப்பும் முடியாமல் நரம்புத் தளர்ச்சியோடு வீட்டுக்குள் அடைந்து கிடந்த ஒருவரைத் தெருவுக்குக் கொண்டுவந்தது இந்தச் சிறுபத்திரிகைத் தபால்தான்.

1923இல் 'வியர்ட் டேல்ஸ்' என்கிற மலிவுத்தாள் பத்திரிகை தொடங்கியது. லவ்கிராஃப்ட்டின் முக்கியமான கதைகளில் பல அதில் வந்தன. கதை பிடித்துப்போன பையன்கள் எழுதினார்கள், அவர் பதில் போட்டார். அது ஒரு வரி நன்றியோடு முடிகிற பதில் கிடையாது. பத்துப் பக்கம், இருபது பக்கம், சில சமயம் அறுபது எழுபது பக்கம். வாழ்நாளில் எழுதிய கடிதங்கள் 1 லட்சம் இருக்கும் என்று கணக்கிடுகிறவர்கள் உண்டு. அதைக் குறைத்துச் சொல்கிறவர்களும் பல்லாயிரம் என்பதில் உடன்படுகிறார்கள். அஞ்சலட்டை என்றால் ஓரம் வரைக்கும் பொடி எழுத்தில் நிரப்பிவிடுவார். 1932இல் அமெரிக்காவில் சாதாரணக் கடிதத்துக்கான தபால்தலை 2 சென்டிலிருந்து 3 சென்டாக உயர்ந்தது. மற்றவர்களின் கையெழுத்துப் பிரதிகளைத் திருத்திக் கொடுத்துக் கிடைக்கிற சொற்பக் காசில், சாப்பாட்டைச் சுருக்கிக்கொண்டு டின் உணவில் காலம் தள்ளிய ஒருவருக்கு அந்த ஒரு சென்ட் சின்ன விஷயமல்ல. அவர் உயிரோடிருந்தபோது அவருடைய கதை என்று சரியாகப் புத்தகமாய் வந்தது ஒன்றே ஒன்று. 1936இல் சுமார் 200 பிரதிகள் பைண்டு செய்யப்பட்ட, அச்சுப் பிழைகள் மலிந்த புத்தகம்.

1933இல் ராபர்ட் பிளாக் என்கிற 16 வயசுப் பையன், உங்கள் பழைய கதைகள் எங்கே கிடைக்கும் என்று கேட்டு எழுதினான். லவ்கிராஃப்ட் கதைகளை இரவல் அனுப்பியதோடு, நீயும் எழுதேன் என்றார். அடுத்த வருஷமே அவன் கதை 'வியர்ட் டேல்ஸ்'ஸுக்கு விலைபோனது. 1959இல் 'சைக்கோ' நாவலை எழுதியவர் இவர்தான். ஹிட்ச்காக் படத்தின் மூலக்கதை. 1935இல் பிளாக் தன் கதை ஒன்றில் லவ்கிராஃப்ட்டையே ஒரு பாத்திரமாக்கிச் சாகடிக்க ஆசைப்பட்டு அனுமதி கேட்டபோது, அவர் முத்திரைத்தாள் பாணியில் அனுமதிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டு, சாட்சிகளாகத் தன் கதைகளிலும் நண்பர்களின் கதைகளிலும் வருகிற கற்பனை ஆட்களின் பெயர்களைப் போட்டு அனுப்பினார். பதிலுக்குத் தன் அடுத்த கதையில் பிளாக்கைப் போன்ற ஒரு இளைஞனைக் கொன்று, கதையை பிளாக்குக்கே சமர்ப்பணம் பண்ணினார். இரண்டு பேரும் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. டெக்ஸாஸ்காரரான ராபர்ட் ஹோவர்டோடு 1930 முதல் 1936 வரை நாகரிகமா காட்டுமிராண்டித்தனமா எது மேல் என்று நூற்றுக்கணக்கான பக்கங்கள் சண்டை பிடித்தார். அவரையும் பார்த்ததில்லை.

எழுத்தாளன் மேலே, வாசகன் கீழே என்கிற படிநிலை இங்கே குலைந்து போகிறது. வாசகன் எழுத்தாளனைக் கதைக்குள் கொல்கிறான், எழுத்தாளன் வாசகனைக் கொல்கிறான், பாத்திரங்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள். பிரதி யாருடைய சொத்து என்கிற கேள்வியைக் கோட்பாட்டாளர்கள் கேட்பதற்கு முப்பது வருஷம் முன்னாலேயே மலிவுத்தாள் பத்திரிகைக்காரர்கள் அதை விளையாட்டாக முடித்துவிட்டிருந்தார்கள்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் இது ஒரு நல்ல மனுஷரைப் பற்றிய கட்டுரை. நிறுத்த முடியாது.

1924இல் லவ்கிராஃப்ட், உக்ரைனிலிருந்து வந்த யூதப் பெண்ணான சோனியா கிரீனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு நியூயார்க் போனார். இரண்டு வருஷம். வேலை கிடைக்கவில்லை. தெருவெல்லாம் குடியேறிகள். அப்போது பிராவிடன்ஸில் இருந்த தாயாரின் அக்காவுக்கு, நம் கணக்கில் பெரியம்மாவுக்கு, எழுதிய கடிதங்களில் கறுப்பர்கள் மேலும் யூதர்கள் மேலும் ஆசியர்கள் மேலும் கொட்டியிருக்கிற வெறுப்பு படிக்கவே கூசுகிற ரகம். 1925இல் எழுதிய 'ரெட் ஹூக்' கதையில் அந்தக் குடியேறிகளின் பேட்டைதான் பேய்களின் பேட்டை. அவருடைய அண்டவெளிப் பயங்கரம் என்று கொண்டாடப்படுகிற பலதின் அடியில் இந்தத் தெருவோர பயம் உட்கார்ந்திருக்கிறது. மற்றமை என்று நாம் கோட்பாட்டில் சொல்கிற சமாச்சாரத்துக்கு அவர் கதையில் கொடுக்காய் முளைத்துவிடுகிறது, அவ்வளவுதான்.

இப்போது 'காஞ்சனை'யைப் பக்கத்தில் வையுங்கள். அங்கேயும் பயம் வாசற்படியில்தான் வந்து நிற்கிறது. பிச்சை கேட்டு வருகிற ஒரு பெண்ணை வீட்டுக்காரி வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். புருஷன் எழுத்தாளன், அவனுக்குப் பயம். தெருவிலிருந்து உள்ளே வந்தவள், ஊர் பேர் தெரியாதவள், அடுக்களை வரைக்கும் வந்துவிட்டவள்தான் பேயோ என்கிற சந்தேகம் கதையைக் கடைசிவரை நகர்த்துகிறது. ஒரு வித்தியாசத்தை விட்டுவிடக் கூடாது. லவ்கிராஃப்ட் பயத்தை அப்படியே நம்பினார். புதுமைப்பித்தனோ பயப்படுகிறவனையும் சேர்த்தே வேடிக்கை பார்த்தார். 1943இல் வந்த 'காஞ்சனை' தொகுப்பின் முன்னுரையில், பேயில் நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் இருக்கிறது என்கிற தொனியில் அவர் பண்ணும் நையாண்டி தெரிந்ததே. இருந்தாலும் யாருக்குக் கதவு, யார் வாசலில் என்கிற கேள்வி அவரையும் விட்டுவிடவில்லை. ராஜ் கௌதமன் 'புதுமைப்பித்தன் எனும் பிரம்மராக்ஷஸ்' என்று ஒரு புத்தகமே எழுத வேண்டிவந்தது சும்மா இல்லை.

கதையில் கதவைச் சாத்துகிறவன் கடிதத்தில் திறந்து வைக்கிறான். இதை எப்படிப் புரிந்துகொள்வது? கதையில் கெட்டவர், கடிதத்தில் நல்லவர் என்று பிரித்துத் தப்பிக்க வழியில்லை, ஏனென்றால் வெறுப்பும் கடிதத்தில்தான் இருக்கிறது. அதே பேனா, அதே தபால்தலை. காலையில் ஒரு பையனுக்கு வாஞ்சையோடு இலக்கணம் திருத்திக் கொடுத்த கை ராத்திரி பெரியம்மாவுக்கு அதை எழுதியது. யூதர்களைப் பற்றி அப்படி எழுதியவரின் மனைவி யூதர். நெருங்கிய நண்பரான கவிஞர் சாமுவேல் லவ்மன் யூதர். கேட்டால், இவர்கள் வேறு மாதிரி என்பார்.

இந்த 'வேறு மாதிரி' நமக்குத் தெரியாததா? 'நீங்க அப்படிக் கிடையாதுங்க, உங்களப் பாத்தா தெரியவே தெரியாது', 'எங்க வீட்ல நாங்க வித்தியாசமே பாக்க மாட்டோம்'. இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது, அன்பாகவே, தோளில் கைபோட்டுக்கொண்டே சொல்லப்படுகிற வாசகங்கள். சொல்கிறவர் மோசமானவர் கிடையாது. புத்தகம் இரவல் கொடுப்பார், ஆஸ்பத்திரிக்குக் கூட வருவார். விதிவிலக்கு கொடுக்கப்படுகிறது என்பதற்கு அர்த்தம், விதி அப்படியே இருக்கிறது என்பதுதான். விதிவிலக்குப் பெற்றவர் அந்த விதிக்கே சாட்சியாகிவிடுகிறார். லவ்கிராஃப்ட் கடிதங்களை நாம் படிக்க வேண்டியதே இதற்காகத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வெறுப்பு கத்திக்கொண்டுதான் வரும் என்று எதிர்பார்த்திருக்கிறோம். அது சிநேகத்தின் ஓரத்தில், பின்குறிப்பு மாதிரி வரும் என்பதை இவ்வளவு விரிவாகப் பதிவு பண்ணி வைத்திருக்கும் ஆவணம் வேறு குறைவு.

கடிதத்துக்கு ஒரு தந்திரம் உண்டு. அது உடம்பை மறைத்துவிடும். ராபர்ட் பார்லோ 1931இல் லவ்கிராஃப்ட்டுக்கு முதல் கடிதம் எழுதியபோது வயசு 13. வயசைச் சொல்லவில்லை. 1934இல் ஃபுளோரிடாவுக்குப் போய் அவர் வீட்டில் தங்கியபோதுதான், இத்தனை நாள் சரிசமமாக விவாதித்தது மீசை முளைக்காத பையனோடு என்று லவ்கிராஃப்ட்டுக்குத் தெரிந்தது. இன்னொன்றும் பார்லோ சொல்லவில்லை. அவர் தற்பால் விருப்பம் கொண்டவர். லவ்கிராஃப்ட் அது விஷயத்திலும் கடுமையாக எழுதியவர். தெரிந்திருந்தால் கதவு திறந்திருக்குமா? அந்தப் பார்லோவைத்தான் லவ்கிராஃப்ட் தன் இலக்கியச் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமித்தார். 1937 மார்ச்சில் குடல் புற்றுநோயிலும் ஊட்டக் குறைவிலும் லவ்கிராஃப்ட் இறந்தபோது, கையெழுத்துப் பிரதிகளைப் பிராவிடன்ஸ் நகரத்துப் பிரௌன் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்த்தது பார்லோதான். பின்னாளில் அவர் மெக்ஸிகோவுக்குப் போய், நஹுவாட் மொழியிலும் பூர்வகுடி வரலாற்றிலும் பெரிய அறிஞரானார். குரு பயந்த அந்த மற்றவர்களிடமிருந்து சிஷ்யன் மொழி கற்றுக்கொண்டான் என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன். 1951 ஜனவரியில், தன் விருப்பம் வெளியே அம்பலமாகும் என்கிற நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது.

சாவுக்குப் பிறகு நடந்ததும் வாசகர்கள் பண்ணியதுதான். ஆகஸ்ட் டெர்லெத், டொனால்ட் வாண்ட்ரெய் என்கிற இரண்டு கடித நண்பர்கள் 1939இல் 'ஆர்க்கம் ஹவுஸ்' என்று ஒரு பதிப்பகமே தொடங்கினார்கள், லவ்கிராஃப்ட்டைப் புத்தகமாக்குவதற்கென்று. கடிதங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை 1965 முதல் 1976 வரை ஐந்து தொகுதிகளாக வந்தன. பெட்டியில் கடிதங்களைப் போட்டு வைத்திருந்த வாசகர்கள் இல்லையென்றால் லவ்கிராஃப்ட் இல்லை. அவர் வெறுப்பும் நமக்குத் தெரிந்திருக்காது. உலகக் கற்பனை இலக்கிய விருதாக அவர் தலைச் சிலையைக் கொடுத்துவந்த வழக்கம், கறுப்பின எழுத்தாளர்கள் உள்ளிட்டோர் கேள்வி எழுப்பிய பிறகு, 2015இல் நிறுத்தப்பட்டதும் அந்தப் பெட்டிகளின் உபயந்தான். அதற்கு ஒரு வருஷம் முன்னால், 2014இல், சென்னைப் பல்கலைக்கழகம் தலித் மக்களைச் சித்திரிக்கும் விதம் பற்றிய ஆட்சேபத்தில் 'துன்பக்கேணி'யையும் 'பொன்னகர'த்தையும் பாடத்திலிருந்து எடுத்தது. இரண்டும் ஒன்றல்ல. சிலையை எடுப்பது மரியாதையைத் திரும்பப் பெறுவது. கதையை எடுப்பது விவாதத்தையே எடுத்துவிடுவது. சிலை போனபின் லவ்கிராஃப்ட் கடிதங்களை இன்னும் உன்னிப்பாகப் படிக்கிறார்கள். பாடத்தை விட்டுப் போன கதையை மாணவர்கள் எங்கே வைத்துச் சண்டை போடுவது?

புதுமைப்பித்தன் பக்கம் பெட்டி வைத்திருந்தது யார்? முதலாவதாக, மனைவி கமலா. அவர் திருவனந்தபுரத்தில், இவர் சென்னையில் என்று பிரிந்திருந்த காலங்களில் வந்த கடிதங்களைக் காப்பாற்றினார். அவை 'கண்மணி கமலாவுக்கு' என்று நூலாயின. கமலா விருத்தாசலம் தாமே சிறுகதை எழுதியவர் என்பதை நாம் சௌகரியமாக மறந்துவிடுகிறோம். இரண்டாவது, தொ.மு.சி. ரகுநாதன். 17 வயசு இளையவர், திருநெல்வேலிக்காரர், வாசகராக வந்து நண்பரானவர். 1948இல் காசநோயில் புதுமைப்பித்தன் இறந்தார், மூன்று வருஷத்தில் 1951இல் ரகுநாதனின் 'புதுமைப்பித்தன் வரலாறு' வந்துவிட்டது. பிறகு ஆ. இரா. வேங்கடாசலபதி தேடித் தொகுத்து 1998இல் 'அன்னை இட்ட தீ' வந்தது. தமிழ்நாட்டின் டெர்லெத்துகளும் பார்லோக்களும் இவர்கள்தான். ஆனால் இவர்கள் எல்லோரும் இலக்கியத்துக்குள் இருந்தவர்கள். வெறும் வாசகர்கள் எங்கே?

வெறும் வாசகர்கள் பாக்கெட் நாவல்களின் பின்பக்கத்தில் இருந்தார்கள். பி.டி. சாமியின் பேய்க்கதைகள், ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதைகள், 2024 நவம்பரில் காலமான இந்திரா சௌந்தர்ராஜனின் சித்தர் மர்மங்கள் என்று தமிழின் 'வியர்ட் டேல்ஸ்' அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. மாத நாவல் என்றால் வாசகர் கடிதமும் உண்டு. என் அத்தை ஒருவர் அப்படி எழுதியிருக்கிறார். பத்தாவதோடு படிப்பை நிறுத்தி வீட்டில் உட்காரவைக்கப்பட்டவர். 15 பைசா அஞ்சலட்டையில், இந்தப் பேய் எதற்கு எப்போதும் பெண்ணாகவே வருகிறது என்று கேட்டு எழுதிப்போட்டார். அச்சானது. பெயருக்குக் கீழே 'செஞ்சி' என்று மட்டும் இருக்கும். 'எம் பேரு மெட்ராஸ் வரைக்கும் போய்ட்டு வந்துச்சுடா' என்பார்.

பெயரும் ஊரும் மட்டும். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தமிழ்க் கடிதத்தின் விலாசம் என்பது சாதிச் சான்றிதழ். மேலத்தெருவா கீழத்தெருவா, அக்ரகாரமா காலனியா என்று உறையைப் பிரிப்பதற்கு முன்னாலேயே தெரிந்துபோகும். காலனி என்கிற சொல் வசைச் சொல்லாகிவிட்டது, அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில்தான் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டிவந்தது. அந்த மலிவுத்தாள் பக்கமோ, இடம் போதாமையாலோ என்னவோ, தெருவை வெட்டிவிட்டு ஊரை மட்டும் அச்சடித்தது. கோட்டைக்காரர் வீட்டுப் பெண்ணும் கொல்லைமேட்டுப் பெண்ணும் அங்கே 'செஞ்சி'தான். யாரும் யாருக்கும் விதிவிலக்கு கொடுக்கவில்லை. எழுபது பக்கக் கடிதம் எழுதிய மேதையால் திறக்க முடியாத கதவு அங்கே இரண்டு வரிக் கடிதத்துக்குத் திறந்திருந்தது. அது முழு விடுதலை கிடையாது. எழுத்தாளர் யார், முதலாளி யார், அட்டைப்படத்தில் எந்தப் பெண்ணின் உடம்பு என்பதெல்லாம் மாறிவிடவில்லை. பதிலும் எல்லோருக்கும் வந்துவிடாது. ஆனாலும் உடம்பையும் தெருவையும் மறைக்காமலேயே ஒருவர் உள்ளே வரக்கூடிய சிநேகம் எப்படியிருக்கும் என்பதற்கு அது ஒரு சின்ன ஒத்திகை.

இலக்கியவாதிகளின் கடிதங்கள் தொகுக்கப்படுகின்றன, நல்லது. அந்த அஞ்சலட்டைகள் எங்கே? பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயிருக்கும், கறையான் தின்றிருக்கும், யார் வீட்டுப் பரணிலாவது கொஞ்சம் இருக்கும். தமிழ்ப் பெண்கள், பீடி சுற்றுகிறவர்கள், மில் தொழிலாளிகள், நைட் வாட்ச்மேன்கள் எதைக் கண்டு பயந்தார்கள், எந்தப் பயத்தை நம்ப மறுத்தார்கள் என்பதற்கான சாட்சியம் அதில் இருக்கிறது. சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் பாக்கெட் நாவலைத் தீண்டாமல் வைத்திருந்ததும் ஒரு கதவைச் சாத்திய காரியந்தான். உங்கள் ஊரில் அந்தப் பின்பக்கங்களில் எழுதியவர்கள் இப்போது ஐம்பது, அறுபது வயதில் இருப்பார்கள். அவர்களில் சிலர் பழைய இதழ்களைக் கிழிந்த அட்டையோடு வைத்திருக்கக்கூடும். பரணில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரையும் ஊரையும் குறித்துக்கொள்ளுங்கள். தெரு வேண்டாம்.